வாஷிங்டன் பெய்ட் லீவ் காலாண்டு அறிக்கை: எங்கே இடிக்கிறதோ அங்கிருந்து பார்ப்போம்

ஏப்ரல் 30, ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31. வாஷிங்டன் மாநிலத்தில் ஒரே ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுத்தாலும் இந்த நான்கு தேதிகள் உங்களை விடாது. காலாண்டு முடிந்த அடுத்த மாதக் கடைசிக்குள், யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், அவர் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார் என்று இ.எஸ்.டி. எனப்படும் எம்ப்ளாய்மென்ட் செக்யூரிட்டி டிபார்ட்மென்டுக்கு அறிக்கை அனுப்பி, பிரீமியமும் கட்ட வேண்டும். பிரசவம், நோய், குடும்பத்தாரைப் பார்த்துக்கொள்வது ஆகியவற்றுக்கு எடுக்கும் விடுப்பில் ஊழியருக்குப் பணம் தரும் மாநிலத் திட்டம்தான் பெய்ட் லீவ். அதற்கான சட்டம் வந்தது 2017-இல். பிரீமியம் பிடிக்கத் தொடங்கியது 2019 ஜனவரியில். விடுப்புப் பணம் 2020 ஜனவரியிலிருந்து கிடைக்கிறது.

சியாட்டில் வட்டாரத்தில் உணவகங்கள், மளிகைக் கடைகள், நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் ஐ.டி. கம்பெனிகள் ஆகியவற்றுக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. “அனுப்பியாச்சு, பணமும் கட்டியாச்சு, அப்புறம் என்ன அக்கா?” என்று கேட்கும் முதலாளிகள்தான் அதிகம். பார்க்க வரிப் படிவம் போல இருந்தாலும் இது ஊழியரின் பாஸ்புக். பிரசவத்துக்கோ, அப்பாவின் ஆபரேஷனுக்கோ அவர் விடுப்புக் கேட்கிற அன்றுதான் அதைத் திறந்து பார்க்கிறார்கள். அதனால் பிழை நடந்த நாளுக்கும் அது வெளியே தெரியும் நாளுக்கும் நடுவே ஒரு வருடம்கூட ஓடியிருக்கும். என் காதில் அடிக்கடி விழும் புகார்களையும், ஒவ்வொன்றுக்கும் நான் முதலில் எங்கே கை வைப்பேன் என்பதையும் சொல்கிறேன்.

“ஸ்டேட்ல என் மணி நேரமே இல்லைங்கறாங்க”

இதுதான் பெரிய வலி. விடுப்புப் பணம் கிடைக்க, தகுதிக் காலத்தில் 820 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும். தகுதிக் காலம் என்பது கடைசியாக முடிந்த ஐந்து காலாண்டுகளில் முதல் நான்கு. அதில் தேறாவிட்டால், கடைசியாக முடிந்த நான்கு. வாரம் 40 மணி நேரம் வேலை செய்பவருக்கு ஒரு காலாண்டில் 520 மணி நேரம் சேரும், ஆகவே இரண்டே காலாண்டில் 820-ஐத் தாண்டிவிடுவார். ஒரு வருடமாக முழுநேரம் வேலை பார்த்தவருக்குத் தகுதி இல்லை என்று பதில் வந்தால், கோளாறு முதலாளி அனுப்பிய அறிக்கையில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

மணி நேரம் சுத்தமாகக் காணோமா, பாதி மட்டும் காணோமா என்று ஊழியரிடம் முதலில் கேளுங்கள். பழைய வேலையின் மணி நேரம் தெரிகிறது, உங்களுடையது மட்டும் தெரியவில்லை என்றால், ஒவ்வொருவருக்கும் அரசு கொடுக்கும் ஒன்பது இலக்க சோஷியல் செக்யூரிட்டி எண்ணைத்தான் சந்தேகப்பட வேண்டும். இதில் மாட்டியது நானேதான். ஓர் உணவகத்துச் சமையலறையில் வேலை செய்த பெண், ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது போன் செய்தாள். “அக்கா, எனக்கு இருநூத்தி அறுபது மணி நேரம்தான் இருக்குன்னு லெட்டர் வந்திருக்கு.” அந்த 260-உம் முன்பு வேலை பார்த்த கடையில் சேர்ந்தது. எங்களிடம் அவள் உழைத்த வருடம் முழுவதும் அவள் கணக்கில் ஏறவே இல்லை. அவளுடைய படிவத்தை எடுத்து, திரையோடு ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துப் பார்த்தேன். நடுவில் 56 இருக்க வேண்டிய இடத்தில் 65 இருந்தது. சேர்ந்த அன்று நான் தட்டியது. அந்த ஒரு தட்டு நான்கு அறிக்கைகளில் அப்படியே போயிருந்தது. நான்கையும் திருத்தி அனுப்பினேன். அவளும் சம்பளச் சீட்டுகளை இ.எஸ்.டி.க்கு அனுப்பினாள். சரியாயிற்று. ஆனால் அந்த இரண்டு வாரம் அவள் பட்ட பதற்றத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகு, புதிதாகச் சேருபவரின் எண்ணை நான் தட்டுவதில்லை. அவரையே வாசிக்கச் சொல்லி, திரையில் இருப்பதைத் திருப்பி வாசித்துக் காட்டுகிறேன்.

கோப்பாக ஏற்றுபவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. சி.எஸ்.வி. கோப்பை எக்செலில் திறந்து ஒரு முறை சேமித்தால் போதும், சைபரில் தொடங்கும் எண்ணின் சைபரை எக்செல் விழுங்கிவிடும். ஒன்பது இலக்கம் எட்டாகும். பல வருடம் முன்பு பாஸ்டனிலோ கனெக்டிகட்டிலோ முதல் வேலை பார்த்து அங்கே எண் வாங்கியவர்கள் உங்களிடம் இருந்தால் கவனியுங்கள். 2011-க்கு முன் அந்தப் பக்கம் கொடுத்த எண்கள் சைபரில்தான் தொடங்கும். அந்தக் கட்டத்தை எழுத்து வடிவமாக மாற்றிவிட்டுச் சேமியுங்கள். கோப்பை நோட்பேடில் ஒரு தடவை திறந்து பார்த்தால் நிச்சயமாகத் தெரிந்துவிடும்.

9-இல் தொடங்கும் எண் கண்ணில் பட்டால் அது ஐ.டி.ஐ.என். ஆக இருக்கும், அதாவது சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாதவர்களுக்கு வரித்துறை கொடுக்கும் எண். கணவரின் வரிக் கணக்கில் சேர்ப்பதற்காக முன்பு வாங்கிய எண்ணை, வேலை அனுமதி வந்து சோஷியல் செக்யூரிட்டி எண் கிடைத்த பிறகும் பழக்கதோஷத்தில் எழுதிக் கொடுப்பவர்கள் உண்டு. அறிக்கை அதையும் ஏற்கும் என்பதால் பிழை என்று எதுவும் மேலே வராது. அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

அடுத்து பெயர். நம் ஆட்களுக்கென்றே வாய்த்த தொல்லை இது. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான் இருக்கும், சர்நேம் கட்டம் காலி. விசாவில் அந்த ஒற்றைப் பெயர் கடைசிப் பெயராகி, முதல் பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யூ.’ (முதல் பெயர் தெரியவில்லை) வந்து உட்காரும். அலுவலக ஈமெயிலில் இனிஷியல் முன்னால் வரும். வங்கிக் கணக்கில் அப்பா பெயர் பின்னால் வரும். இதில் எதை எழுதுவது? சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் அச்சாகியிருப்பதை மட்டும், அதே வரிசையில், அதே எழுத்துக்கூட்டலில். அட்டையே தவறு என்றால் அதை அவர் முதலில் அங்கே மாற்றட்டும், பிறகு நாம் மாற்றுவோம்.

எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் ஒரு காலாண்டு முழுக்கக் காணோம் என்றால், அறிக்கை உண்மையிலேயே போனதா என்று பாருங்கள். வேலையின்மைக் காப்பீட்டு அறிக்கையும் இதே இ.எஸ்.டி.க்குத்தான் போகிறது, ஆனால் அது ஈம்ஸ் என்ற இணையச் சேவை வழியாகப் போவது. பெய்ட் லீவ் அறிக்கை, செக்யூர் ஆக்சஸ் வாஷிங்டன் என்ற மாநில அரசின் இணையக் கணக்கில் பெய்ட் லீவ் சேவையைச் சேர்த்துக்கொண்டு அனுப்புவது. ஒரே துறை, இரண்டு வாசல். ஒன்றில் ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று பார்த்துவிட்டு இரண்டும் முடிந்தது என்று நினைப்பவர்களை நான் எண்ணி முடியாது. பேரோல் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்பதும் பாதி உண்மைதான். அறிக்கை போகவில்லை என்றால் பொறுப்பு முதலாளி தலையில்தான் விழும்.

மணி நேரம் இருக்கிறது, ஆனால் கொஞ்சம் குறைகிறது

மாதச் சம்பளக்காரரின் எண்ணைப் பாருங்கள். காலாண்டுக்கு 480 என்று இருந்தால் அது, மாநிலத் தொழிலாளர் துறையான எல் அண்ட் ஐ-க்கு அனுப்பும் அறிக்கையிலிருந்து இறங்கி வந்த எண். தொழிலாளர் விபத்துக் காப்பீட்டுக்காக அங்கே மாதச் சம்பளக்காரருக்கு மாதம் 160 மணி நேரம் என்று போடும் வழக்கம் இருக்கிறது. பெய்ட் லீவில் முழுநேர மாதச் சம்பளக்காரருக்கு வாரம் 40, அதாவது பதின்மூன்று வாரத்துக்கு 520. ஒரு அறிக்கைக்குத் தயாரித்த எண்ணை மூன்றுக்கும் ஒட்டினால் இதுதான் நடக்கும்.

மணிக் கூலிக்காரர் என்றால் தசமத்தைப் பாருங்கள். 7 மணி 45 நிமிடம் என்பது 7.75, 7.45 அல்ல. நேர அட்டையைக் கையால் கூட்டும் கடைகளில் இது சர்வசாதாரணம். ஓவர்டைமில் கூலிதான் ஒன்றரை மடங்கு, மணி நேரம் அல்ல. பத்து மணி நேரம் ஓவர்டைம் செய்தால் பத்துதான் எழுத வேண்டும், பதினைந்து அல்ல.

பிரீமியத் தொகை என் கணக்கோடு ஒத்துவரவில்லை

ஜனவரி முதல் ஏப்ரல் வரை இந்தக் கேள்வி வந்தால் நான் கேட்பது ஒன்றே: எந்த வருட விகிதம்? முதல் மூன்று வருடம் 0.4 சதவீதமாகவே இருந்து எல்லோரையும் பழக்கிவிட்டது. பிறகு 2022-இல் 0.6, 2023-இல் 0.8, 2024-இல் இறங்கி 0.74, 2025-இல் 0.92, 2026-இல் 1.13. மென்பொருள் தானே மாற்றிக்கொண்டதா என்று வருடத்தின் முதல் சம்பளச் சீட்டிலேயே பார்த்துவிடுவது நல்லது.

அந்த முதல் சீட்டில் இன்னொரு குழப்பமும் ஒளிந்திருக்கும். டிசம்பர் இரண்டாம் பாதியில் செய்த வேலைக்கு ஜனவரி 5-ஆம் தேதி சம்பளம் கொடுத்தால், எந்த விகிதம்? சம்பளம் கொடுத்த தேதிதான் கணக்கு. ஜனவரியின் விகிதம், முதல் காலாண்டின் அறிக்கை. ‘போன வருஷ வேலைதானே’ என்று பழைய விகிதத்தில் பிடித்தால் பத்து இருபது டாலர் இடிக்கும், அது எங்கிருந்து வந்தது என்று தேடி அரைநாள் போகும்.

கணக்கை ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு ஒரு காலாண்டில் 20,000 டாலர் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். 2026 விகிதத்தில் மொத்தப் பிரீமியம் 226 டாலர். இதில் ஊழியர் பங்கு 71.43 சதவீதம், அதாவது 161.43 டாலர். மீதி 64.57 டாலர் முதலாளி பங்கு. 50 பேருக்குக் குறைவாக வைத்திருப்பவர் அந்த மீதியைக் கட்ட வேண்டியதில்லை. ஊழியர் பங்கைப் பிடித்துக் கட்டினால் போதும். உங்கள் எண்ணும் இ.எஸ்.டி. எண்ணும் ஏறக்குறைய 100-க்கு 71 என்ற விகிதத்தில் வேறுபட்டால், ஆள் எண்ணிக்கைதான் காரணம். வேறெங்கும் தேட வேண்டாம்.

உணவகங்களில் டிப்ஸைப் பாருங்கள். பெய்ட் லீவ் பிரீமியத்துக்கு டிப்ஸ் சம்பளத்தில் சேராது. ஆனால் ஃபெடரல் காலாண்டு வரிப் படிவமான 941-இல் டிப்ஸ் உண்டு. அதனால் இரண்டு மொத்தமும் ஒத்துப்போகவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ளாதீர்கள், ஒத்துப்போகாமல் இருப்பதுதான் சரி. அதே மாதிரி 401-கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்புப் பிடித்தத்துக்கு முந்தைய மொத்தச் சம்பளம்தான் இங்கே அடிப்படை. போனஸ், கமிஷன், விடுமுறைக்குக் கொடுத்த காசு எல்லாம் உள்ளே வரும்.

ஐ.டி. கம்பெனிகளில் வருடக் கடைசியில் வேறு ஒரு தொல்லை. பிரீமியத்துக்கு உச்சவரம்பு உண்டு. சோஷியல் செக்யூரிட்டி வரம்பேதான் அது: 2025-இல் 1,76,100 டாலர், 2026-இல் 1,84,500. வரம்பைத் தொட்டதும் பிரீமியம் நிற்கும். அறிக்கை நிற்காது. அதற்கு மேல் வரும் சம்பளத்தையும் முழுசாக எழுத வேண்டும். நான்காம் காலாண்டில் பெரிய சம்பளக்காரர் பெயரையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்ட ஒரு கணக்கை நான் சரி செய்திருக்கிறேன். அவருடைய மூன்று மாத மணி நேரமும் சேர்ந்தே போயிருந்தது.

திடீரென்று முதலாளி பங்கும் சேர்ந்து வந்திருக்கிறது

ஒவ்வொரு செப்டம்பர் 30-ஆம் தேதியும், அதற்கு முன் முடிந்த நான்கு காலாண்டுகளில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று சராசரி எடுத்து, அடுத்த வருடத்துக்கு நீங்கள் பெரியவரா சின்னவரா என்று முடிவு செய்கிறார்கள். உங்கள் அறிக்கைகள்தான் அதற்கு ஆதாரம். எப்போது பார்த்தாலும் கடையில் முப்பத்தைந்து பேர்தான் நிற்கிறார்கள், எப்படி ஐம்பது ஆயிற்று என்று கேட்பவர்கள், ஒரு காலாண்டில் எத்தனை பேர் வந்து போனார்கள் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. பாத்திரம் கழுவ ஒரே இடத்துக்கு மூன்று மாதத்தில் நாலு பேர் மாறினால் பட்டியலில் நாலு பெயர்.

அது நிஜம் என்றால் கட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் மென்பொருள், எப்போதோ வேலையை விட்டவர்களைச் சைபர் சம்பளத்தோடு இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அவர்களை எடுத்துவிட்டுத் திருத்திய அறிக்கை அனுப்புங்கள். வாஷிங்டனுக்கு வெளியே வேலை செய்பவர்களும் தவறிப்போய் உள்ளே நுழைந்திருக்கலாம்.

சம்பளத்தில் பிடிக்க மறந்துவிட்டது, அடுத்த மாதம் சேர்த்துப் பிடிக்கலாமா?

கூடாது. பிடிக்க வேண்டிய சம்பளத்தில் ஊழியர் பங்கைப் பிடிக்காவிட்டால், அதை நீங்களே கட்ட ஒத்துக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. அடுத்த சீட்டில் இரட்டிப்பாகப் பிடிக்க வழியில்லை. ஜனவரியில் பழைய விகிதத்திலேயே பிடித்தவர்களுக்கும் இதே கதிதான், வித்தியாசம் உங்கள் கையிலிருந்து போகும். இதற்கு ஒரு வால் உண்டு. ஊழியர் பங்கை முதலாளி கட்டினால், ஃபெடரல் கணக்கில் அது ஊழியருக்குக் கொடுத்த கூடுதல் சம்பளம் என்று ஃபெடரல் வரித்துறையான ஐ.ஆர்.எஸ். 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது. தொகை சின்னதுதான், ஆனால் வருடச் சம்பளப் படிவமான டபிள்யூ-2 தயாரிக்கும்போது நினைவில் இருக்கட்டும்.

வேலையின்மை அறிக்கையில் நாலு பேர், இதில் ஐந்து பேர்

பதறாதீர்கள், பெரும்பாலும் இது பிழையே இல்லை. கம்பெனி கார்ப்பரேஷனாக இருந்து, அதன் அதிகாரியாகச் சம்பளம் வாங்கும் முதலாளி, வேலையின்மைக் காப்பீட்டில் தானாகச் சேர மாட்டார். பெய்ட் லீவில் அவரும் ஊழியர்தான். எல்.எல்.சி. உறுப்பினரும் தனி உரிமையாளரும் வேறு ரகம். அவர்கள் சுயதொழிலர்கள், விரும்பினால் தாமாகச் சேரலாம். “ரெண்டும் ஒண்ணுதானே” என்று ஒரே பட்டியலை இரண்டு இடத்திலும் ஏற்றியவர், தன் குழந்தை பிறந்தபோது தனக்கே மணி நேரம் இல்லாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

ஆள் இங்கே, வேலை அங்கே

வாஷிங்டன் மாநிலத்து வான்கூவரில் வீடு, ஆற்றைத் தாண்டினால் ஓரிகனின் போர்ட்லண்ட். வேலை முக்கியமாக வாஷிங்டனில் நடந்து, எப்போதாவது ஓரிகன் போய் வருகிறார் என்றால் முழுச் சம்பளமும் வாஷிங்டன் அறிக்கையில்தான் வரும். அப்படிப் பிரித்துச் சொல்ல முடியாதபோது வரிசையாகப் பார்க்க வேண்டும். அவர் புறப்படும் இடம் எது, உத்தரவு எங்கிருந்து வருகிறது, கடைசியில் வீடு எங்கே. ஓரிகனுக்கு 2023-இலிருந்து சொந்தத் திட்டம் இருக்கிறது. ஒரே சம்பளத்தில் இரண்டு மாநிலமும் பிடித்திருந்தால் ஏதோ ஒன்று நிச்சயம் தவறு. வீட்டு முகவரியை மாற்றியதும் மென்பொருள் தானாக மாநிலத்தையும் மாற்றிவிடுவதுதான் வழக்கமான காரணம்.

“எனக்கு விலக்கு உண்டு, ஏன் பிடிச்சீங்க?”

இரண்டு திட்டம் ஒரே அறிக்கையில் போவதால் வரும் சண்டை இது. 2023 ஜூலையிலிருந்து முதியோர் பராமரிப்புக்கான டபிள்யூ.ஏ. கேர்ஸ் நிதிக்கும் 0.58 சதவீதம் பிடிக்கிறோம். அது ஊழியர் மட்டும் கட்டுவது, அதற்கு உச்சவரம்பும் கிடையாது. ஹெச்-1பி-யில் இருப்பவர்களுக்கும், முன்பே தனியார் காப்பீடு எடுத்து விலக்கு வாங்கியவர்களுக்கும் விலக்கு இருப்பது இந்த நிதியில்தான். பெய்ட் லீவுக்கு விசாவைக் காட்டி விலக்குக் கிடையாது, அதே விசாவில் இருப்பவருக்கு விடுப்புப் பணம் கிடைக்கும் என்பதால் புகார் சொல்லவும் ஒன்றுமில்லை. விலக்குக் கடிதத்தை ஊழியர் கொடுத்த பிறகும் கேர்ஸ் பிரீமியத்தைப் பிடித்திருந்தால் திருப்பிக் கொடுப்பது முதலாளி கடமை. கடிதம் வந்த தேதியை அதன் மேலேயே எழுதி வைப்பது என் வழக்கம்.

விடுப்பில் இருக்கும் ஆளை எப்படி எழுதுவது?

இ.எஸ்.டி. அவருக்கு நேராகக் கொடுக்கும் பணம் உங்கள் சம்பளம் அல்ல, அதை எழுதவே வேண்டாம். அதற்கு மேல் நீங்கள் விரும்பி ஈடுகட்டும் தொகைக்கும் பிரீமியம் இல்லை. அந்தக் காலாண்டில் வேறு எதுவும் கொடுக்கவில்லை என்றால் அவர் பெயர் பட்டியலில் வர வேண்டியதில்லை.

வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருக்கிறோம், எங்களுக்குமா?

உங்களுக்கும்தான். சியாட்டில் பக்கத்தில் இருக்கும் போத்தல் (Bothell) ஊரில், இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், தினமும் காலை எட்டுக்கு வந்து மாலை ஆறுக்குப் போகும் அம்மாவுக்கு நீங்கள்தான் முதலாளி. மாநிலம் முதலாளிகளுக்குக் கொடுக்கும் யு.பி.ஐ. (UBI) எண் வாங்கி, அதே நான்கு தேதிகளில் அதே அறிக்கை.

திருத்துவது எப்படி?

பிழை எந்தக் காலாண்டில் நடந்ததோ அந்தக் காலாண்டின் அறிக்கையைத்தான் திருத்த வேண்டும். விட்டுப்போன மணி நேரத்தை இந்தக் காலாண்டில் கூட்டிப் போட்டுச் சமாளித்தால், தகுதிக் காலத்தில் ஓர் இடத்தில் பள்ளமும் இன்னொரு இடத்தில் மேடுமாக நிற்கும். ஒரு எண்ணைத் திருத்தும்போது அது முதலில் எந்தக் காலாண்டில் நுழைந்தது என்று பின்னோக்கிப் போய்க்கொண்டே இருங்கள். பதிவுகளை ஆறு வருடம் வைத்திருக்கச் சொல்கிறார்கள். பிரீமியம் கூடவோ குறையவோ இருந்தால் திருத்திய பிறகு அவர்களே புதுத் தொகையைக் காட்டுவார்கள்.

யாருக்கும் சம்பளமே கொடுக்கவில்லை, பிறகு ஏன் நோட்டீஸ்?

கொடுக்கவில்லை என்று நீங்கள் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். குளிர்காலத்தில் மூடிவைக்கும் ஐஸ்கிரீம் வண்டிக்கும் அந்தக் காலாண்டில் ‘சம்பளம் இல்லை’ என்று ஓர் அறிக்கை போக வேண்டும். இரண்டு நிமிட வேலை. கடையை நிரந்தரமாக மூடிவிட்டீர்கள் என்றால் அதையும் தெரிவித்துக் கணக்கை முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் இல்லாத கடைக்குக் கடிதம் வந்துகொண்டே இருக்கும்.